கீரிப்பாறை, கோதையாறு மலைக்காடு வெப்பமண்டல மழைக்காடுதானா? மாசியில் மழையில்லையே!

குலசேகரம் டீச்சர்:
அனைவருக்கும் வணக்கம். பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு வெப்பமண்டல மழைக்காடு பாடம் நடக்கிறது. அமேசான், காங்கோ, இந்தோனேசியா, ஆண்டு முழுக்க மழை, 200 செ.மீ.க்கு மேல் என்று குறிப்பு கொடுத்தாயிற்று. பிள்ளைகள் விடுவதாக இல்லை. நம் கன்னியாகுமரி மாவட்டத்துக் கீரிப்பாறை, மாறாமலை, மேல் கோதையாறு காடுகள் இந்தக் கணக்கில் வருமா என்கிறார்கள். தை, மாசியில் இங்கே மழை அற்றுப்போகிறதே என்பது அவர்கள் சந்தேகம். அடுத்தது, 200 செ.மீ. பெய்கிற இடமெல்லாம் ஏன் மழைக்காடாக இல்லை? கடைசிக் கேள்விதான் எனக்கும் பிடித்தது: ரப்பர் தோட்டமும் உயரமாக, பச்சையாக, நிழலாகத்தானே நிற்கிறது, அது ஏன் காடு ஆகாது? அளந்து பார்த்து, வரைந்து காட்டும்படி ஏதாவது வழி இருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நாகர்கோவில் வானிலை:
டீச்சர், முதல் இரண்டு கேள்விக்கும் விடை ஒன்றுதான். ஆண்டு மொத்த மழையைப் பார்க்காதீர்கள், மாதவாரியாகப் பாருங்கள். காட்டைத் தீர்மானிப்பது எவ்வளவு பெய்தது என்பதைவிட எத்தனை மாதம் பெய்யவில்லை என்பதுதான்.

கோப்பென் காலநிலை வகைப்பாட்டில் வெப்பமண்டலம் என்றால் மிகக் குளிரான மாதத்தின் சராசரி வெப்பநிலையே 18 பாகை செல்சியசுக்குக் குறையக் கூடாது. அதற்குள் ‘ஏ.எஃப்.’ என்ற மழைக்காட்டு வகைக்கு, மிக வறண்ட மாதத்தில்கூட சராசரியாக 60 மி.மீ. பெய்ய வேண்டும். சிங்கப்பூர் இதற்கு நல்ல உதாரணம். அங்கே எந்த மாதச் சராசரியும் 60-க்குக் கீழே இறங்குவதில்லை. ‘ஏ.எம்.’ என்ற பருவமழை வகையில் ஓரிரு மாதம் 60-க்குக் கீழே போகலாம், ஆனால் ஒரு எல்லைக்குள். அந்த எல்லையைக் கணக்கிடும் முறை எளிது: ஆண்டு மழையை மி.மீ.யில் எடுத்து 25-ஆல் வகுத்து, வந்த விடையை 100-இலிருந்து கழியுங்கள். ஆண்டு மழை 2,000 மி.மீ. என்றால் 2,000 ÷ 25 = 80, எல்லை 20 மி.மீ. வறண்ட மாதத்தில் 20 பெய்தாலே அந்த இடம் ‘ஏ.எம்.’ ஆகிவிடும். ஆண்டுக்கு 2,500 மி.மீ. வந்துவிட்டால் எல்லை பூஜ்யம். மாசியில் ஒரு சொட்டு விழாவிட்டாலும் பாதகமில்லை. மற்ற மாதங்களில் மண்ணில் தேங்கிய ஈரம் அந்த இடைவெளியைத் தாங்கும் என்பதுதான் இந்தக் கணக்கின் உள்ளர்த்தம். நம் மலையின் மேல்பகுதி இந்த வகையில்தான் வருகிறது.

இரண்டாவது கேள்விக்கு மகாபலேஷ்வரைக் காட்டுங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் வடபகுதி அது. ஆண்டுக்கு 5,000 மி.மீ.க்கு மேல் கொட்டுகிறது. ஆனால் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பருக்குள் முடிந்துவிடும், பிறகு ஏழெட்டு மாதம் வறட்சி. அங்குள்ள பசுமைமாறாக் காடு குட்டையானது, மர வகையும் குறைவு. நாமோ கிட்டத்தட்ட 8 பாகை வட அட்சரேகையில், மலைத்தொடரின் தென்கோடியில் இருக்கிறோம். இடவப்பாதியும் (தென்மேற்குப் பருவமழை) கிடைக்கிறது, துலாமழையும் (வடகிழக்குப் பருவமழை) கிடைக்கிறது, சித்திரையில் மத்தியானத்துக்குமேல் இடியோடு கோடை மழையும் இறங்குகிறது. உண்மையான வறட்சி என்று பார்த்தால் தை, மாசி, கொஞ்சம் பங்குனி. மகாபலேஷ்வரைவிடக் குறைந்த மழையில் அதைவிட உயரமான, செறிவான காடு இங்கே நிற்பது இதனால்தான்.

பிள்ளைகளை ஆரல்வாய்மொழிப் பக்கமும் பார்க்கச் சொல்லுங்கள். ஒரே மாவட்டம், ஒரே அட்சரேகை, கீரிப்பாறையிலிருந்து பெரிய தூரமும் இல்லை. ஆனால் கணவாய் வழியாக வரும் தென்மேற்குக் காற்று அங்கே நின்று மேலே ஏறுவதில்லை, உலர்ந்து வேகமெடுத்து ஓடுகிறது. முப்பந்தலில் காற்றாலைகளும் முட்செடிகளும் நிற்பது அந்தக் காற்றினால்தான்.

தடிக்காரன்கோணம்:
வானிலை அண்ணாச்சி சொன்னதோடு ஒரு திருத்தம். ‘அமேசானில் ஆண்டு முழுக்க மழை’ என்பதே பாதி உண்மைதான். மேற்கே இக்கிட்டோஸ் பக்கம் அது சரி. மனாவுஸில் ஆண்டின் நடுப்பகுதிக்கு அப்பால் தெளிவான வறண்ட காலம் உண்டு, கிழக்கு அமேசானில் அது இன்னும் நீளம். காங்கோ வடிநிலத்தில் ஆண்டு மொத்தமே பல இடங்களில் 1,500 முதல் 2,000 மி.மீ.தான். அப்படியும் அங்கே காடு பச்சையாகவே இருக்கிறதே, எப்படி? வேர். கிழக்கு அமேசானில் 8 மீட்டருக்கும் கீழே வேர் இறங்கி ஆழத்து ஈரத்தை உறிஞ்சுவது 1994-இல் ஆய்வாக வெளிவந்தது. ‘மழைக்காட்டு மரத்துக்கு வேர் மேலாகத்தான் இருக்கும்’ என்று படித்ததை அதன்பிறகு கொஞ்சம் மாற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. சத்தை உறிஞ்சும் நுண்வேர் மேல் மண்ணில், கோடைத் தண்ணீருக்கான வேர் ஆழத்தில். இரண்டும் ஒரே மரத்தில் இருக்கலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 60 மி.மீ. அளவுகோலைச் சூழலியல்காரர்கள் பலர் ஏற்பதில்லை. மழைக்காடு ஒன்று மாதத்துக்கு ஏறத்தாழ 100 மி.மீ. நீரை ஆவியாக வெளியேற்றும். அதனால் 100-க்குக் குறைவாகப் பெய்கிற மாதம் எல்லாமே காட்டுக்குக் கடன் வாங்கும் மாதம் என்பது அவர்கள் வாதம். என் பார்வையில் வகுப்பில் சொல்ல வேண்டியது இந்த 100-ஐத்தான். 60 வெறும் எல்லைக்கோடு, 100-க்குப் பின்னால் காரணம் இருக்கிறது.

நாகர்கோவில் வானிலை:
100 நியாயமான அளவு, மறுக்கவில்லை. ஆனால் நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளை வரைபடமாக்கிய புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் எடுத்துக்கொண்டது கோசன் அளவுகோலை: ஒரு மாதத்தின் மழை மி.மீ.யில், அந்த மாத சராசரி வெப்பநிலையின் இரு மடங்குக்குக் குறைந்தால் அது வறண்ட மாதம். 27 பாகை என்றால் 54 மி.மீ. ஒரே வரைபடத்தில் வெப்பநிலைக் கோட்டை 10, 20, 30 என்றும், மழைக் கோட்டை அதே உயரத்தில் 20, 40, 60 என்றும் போட்டால், மழைக் கோடு வெப்பக் கோட்டுக்குக் கீழே போகும் இடம்தான் வறட்சி. பிள்ளைகள் வரைபடத்தாளில் பத்து நிமிடத்தில் போட்டுவிடலாம். எந்த அளவுகோல் என்பதைத் தலைப்பில் எழுதச் சொல்லுங்கள். அளவுகோலை எழுதாமல் ‘வறண்ட மாதம் மூன்று’ என்று மட்டும் எழுதினால் பொருளில்லை.

நாஞ்சில் தாவரவியல்:
இப்போது அமைப்புக்கு வருகிறேன். காலநிலை சரியாக இருந்தும் காட்டின் அடுக்கு இல்லையென்றால் அது மழைக்காடு இல்லை. ரப்பர் கேள்விக்கு விடையும் அங்கேதான் இருக்கிறது.

மேலிருந்து கீழே வருவோம். முதலில் மீறி நிற்கும் மரங்கள், மற்ற மரங்களின் தலைக்கு மேல் ஒற்றை ஒற்றையாக எழும்பி நிற்பவை. போர்னியோவில் சபா மாநிலத்தின் டானும் பள்ளத்தாக்கில் 2019-இல் அளந்த மரம் ஒன்று 100.8 மீட்டர். நம் மலையில் அவ்வளவு இல்லை, 40 மீட்டரைத் தாண்டினாலே பெரிய மரம். கருங்குங்கிலியம் அப்படி நிற்கும். அது தன் முழுத் தலையையும் வெயிலுக்கும் காற்றுக்கும் கொடுப்பதால் கோடையில் கொஞ்சநாள் இலை உதிர்த்துவிட்டு, சிவந்த தளிரோடு திரும்பும். தூரத்திலிருந்து பச்சை மலையில் சிவப்புத் திட்டு தெரிந்தால் பெரும்பாலும் அதுதான்.

அடுத்து விதானம், மரத்தலைகள் சேர்ந்து நிற்கும் கூரை, 25 முதல் 35 மீட்டர் வரை. காட்டின் தொழிற்சாலை இந்த அடுக்கு. வெயிலின் பெரும்பங்கு இங்கேயே செலவாகிவிடும். நம் மலையில் ஏறத்தாழ 700 முதல் 1,400 மீட்டர் உயரம்வரை விதானத்தின் அடையாள மரங்கள் மூன்று: வெடிப்பலா, நாங்கு, காட்டிலுப்பை. அகத்தியமலைத் தொகுதி முழுக்க இந்தக் கூட்டணிதான். அதில் வெடிப்பலா முக்கியம். மழை குறைந்த மாதங்களில் மற்ற பழங்கள் அருகும்போது அது பூக்கும். கிளையோடு கிளையாக ஒட்டிய சதைப்பிடிப்பான பூக்கள். சிங்கவால் குரங்கும் பழந்தின்னி வௌவாலும் அணிலும் அதைத் தின்னத்தான் வருகின்றன, மகரந்தச் சேர்க்கையும் அதோடு நடந்துவிடுகிறது. அந்த மரத்தை வெட்டினால் குரங்குக்கு அந்த மாதங்களில் வேறு போக்கிடம் குறைவு. கீழ்ச்சரிவில் வெள்ளைக் குங்கிலியம், தம்பகம் போன்றவை. ஆரியங்காவுக் கணவாய்க்குத் தெற்கே மட்டுமே இயற்கையாக வளரும் செங்குறிஞ்சியும் நம் பக்கத்துச் சொத்து.

விதானத்துக்குக் கீழே 5 முதல் 20 மீட்டர் வரை இடையடுக்கு. காட்டு ஜாதிக்காய் இனங்கள், மூட்டிப்பழ மரம் எல்லாம் இங்கே. மூட்டிப்பழத்தைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் காட்டுங்கள். இலைக்கும் கிளைக்கும் சம்பந்தமில்லாமல், அடிமரத்தின் முண்டுமுடிச்சிலிருந்து சரம்சரமாகக் காய் தொங்கும், பழுத்தால் செக்கச்சிவப்பு, சில சரம் தரையைத் தொட்டுக்கொண்டு கிடக்கும். வீட்டு முற்றத்துப் பிலாவில் சக்கை (பலாப்பழம்) தண்டில் காய்ப்பதும் இதே ஏற்பாடுதான். இருட்டான நடு அடுக்கில், மெல்லிய கிளை தாங்காத காயைத் தண்டு தாங்கும். நடந்தும் ஏறியும் வரும் விலங்குக்கு எட்டும்.

அதற்கும் கீழே புதரடுக்கு: ஈத்தை, பிரம்பு, காட்டு ஏலம், குறிஞ்சி இனங்கள், மரத்தில் ஏறும் காட்டு நல்லமிளகு. தரைக்கு வரும் ஒளி வெறும் 1 அல்லது 2 சதவீதம். அதனால்தான் உண்மையான முதிர்ந்த காட்டுக்குள் நடப்பது எளிது. ‘அடர்ந்த காடு, வெட்டிக்கொண்டே போக வேண்டும்’ என்றால் அது காட்டின் ஓரமாகவோ, மரம் விழுந்த இடைவெளியாகவோதான் இருக்கும். ஒளி உள்ளே புகுந்த இடத்தில் மட்டுமே அந்தப் புதர்.

கொடிகள், மரத்தில் தொற்றும் பெரணி, ஆர்க்கிட், மற்ற மரத்தின் மேல் முளைத்து வேரைத் தரைக்கு இறக்கி அதைச் சுற்றி நெரிக்கும் அத்தி இனங்கள், எல்லாமே ஒளிக்கான போட்டியின் வெவ்வேறு வழிகள். தண்டுக்குச் செலவு செய்யாமல் ஒளிக்குப் போவது கொடியின் வழி. தரையையே விட்டுவிடுவது ஆர்க்கிடின் வழி. ஆனால் மேலே தொற்றி வாழ்வதற்குக் காற்றில் ஈரம் இருந்தாக வேண்டும். ஒரு காட்டில் மரக்கிளை முழுக்கப் பாசியும் பெரணியும் தொற்றியிருக்கிறதா என்று பாருங்கள், மழைமானியைவிட நேர்மையாக வறட்சியின் நீளத்தை அது சொல்லும்.

சுருளோடு ரப்பர்:
ரப்பரைப் பற்றி நான் சொல்கிறேன். முதலில் மரத்துக்கு நியாயம் செய்ய வேண்டும். ரப்பர் அமேசான் மழைக்காட்டு மரம்தான். 1876-இல் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகள் இங்கிலாந்தின் கியூ தோட்டத்துக்குப் போயின, முளைத்தவை சில ஆயிரம், அங்கிருந்து கன்றுகள் இலங்கைக்கும் மலாயாவுக்கும் வந்தன. அமேசானில் அது பல நூறு இனங்களுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கிறது. அப்படிச் சிதறி நிற்பது அதற்குப் பாதுகாப்பு. அங்கே நெருக்கமாக நட்டால் தென்னமெரிக்க இலைக்கருகல் பூஞ்சை ஒரு மரத்திலிருந்து அடுத்ததற்குத் தாவித் தோட்டத்தையே முடித்துவிடும். ஃபோர்டு நிறுவனம் அமேசானில் 1928-இல் தொடங்கிய ஃபோர்ட்லாண்டியா ரப்பர் தோட்டத்தின் தோல்வியில் அந்தப் பூஞ்சைக்குப் பெரும் பங்கு உண்டு. ஆசியாவுக்கு அந்த நோய் வரவில்லை, அதனால்தான் இங்கே ஏக்கருக்கு 180, 200 மரம் என்று வரிசையாக நிற்க முடிகிறது.

ஆக மரம் மழைக்காட்டினது, தோட்டம் அப்படி இல்லை. ஏன்? ஒரே வயது, ஒரே உயரம், ஒரே அடுக்கு. மார்கழி, தை வாக்கில் தோட்டம் முழுக்க ஒரே சமயத்தில் இலை கொட்டும், தரையில் வெயில் நேராக விழும். தாவரவியல் சார் சொன்ன 1, 2 சதவீத ஒளி என்ற நிலை, வருடத்தில் சில வாரம் முற்றிலும் குலைந்துவிடும். அந்தச் சில வாரமே போதும், இருட்டில் ஈரத்தில் வாழும் எதுவும் அங்கே நிலைக்காது. போதாததற்குப் பால்வெட்டுக்கு வழி வேண்டும் என்று அடியைச் செதுக்கிவிடுகிறோம், 25, 30 வருடத்தில் மொத்தமாக வெட்டி மறுநடவு செய்கிறோம். இடையடுக்கு உருவாகக் காலமே கிடையாது.

மழை மட்டும் இரண்டுக்கும் ஒன்றுதான். இடவப்பாதியில் தொடர்ந்து நனைந்தால் ரப்பருக்கு பைட்டோப்தோரா என்ற நோய்க்கிருமியால் இலையுதிர்வு வரும், வெட்டுப்பட்டைக்கு மேல் பிளாஸ்டிக் மழைத்தடுப்பு கட்டாவிட்டால் சிரட்டையில் பாலோடு தண்ணீரும் நிறையும். காட்டு மரங்கள் கலந்து நிற்பதால் ஒரே நோய்க்கிருமிக்கு அத்தனை தீனி கிடைப்பதில்லை.

2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் வந்தபோது வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்தது. தோட்டங்களில் மரம் முறிந்தும் சாய்ந்தும் மொத்த வரிசையே போனது. காட்டிலும் மரங்கள் விழுந்தன, ஆனால் கீழே அடுத்த தலைமுறை காத்துக்கொண்டு நின்றது. தோட்டத்தில் மறுபடி கன்று வாங்கி நட வேண்டியிருந்தது.

நாஞ்சில் தாவரவியல்:
கடைசிப் பத்தி மிக முக்கியம். மழைக்காட்டின் அமைப்பு என்பது நிலைத்த படம் இல்லை. மரம் விழுந்த இடைவெளியில் முதலில் வருவது வட்டக்கண்ணி போன்ற வெயில் விரும்பிகள், ஒரு வருடத்தில் ஆள் உயரம் தாண்டும். அவற்றின் நிழலில், ஏற்கனவே பல வருடமாகக் குட்டையாக நின்ற நாங்கு, வெடிப்பலாக் கன்றுகள் மெல்ல எழும்பும். நாங்குக் கன்றின் புதுத்தளிரைக் கவனியுங்கள்: கருஞ்சிவப்பாக, துவண்டு, தலைகீழாகத் தொங்கும். வாடிவிட்டது என்று நினைக்கத் தோன்றும். இலை முழுவளர்ச்சி அடைகிறவரை பச்சையத்தை முதலீடு செய்யாமல் தாமதிக்கிறது. இளந்தளிரைப் பூச்சி தின்றாலும் அப்போது இழப்பு குறைவு.

குலசேகரம் டீச்சர்:
இவ்வளவு விரிவாக எதிர்பார்க்கவில்லை, மிக்க நன்றி. இரண்டு விஷயம். இவ்வளவு செழிப்பான காடு என்றால் மண்ணும் வளமானதா? அடுத்து, இந்த அடுக்கைப் பிள்ளைகளே அளந்து வரைய வேண்டும். எங்கே போவது, எப்படி அளப்பது?

தடிக்காரன்கோணம்:
மண் வளமானது இல்லை டீச்சர், செழிப்பு முழுக்க மரத்திலும் சருகிலும்தான் இருக்கிறது. வெப்பமும் மழையும் சேர்ந்து பல்லாயிரம் வருடம் பாறையைக் கரைத்ததில் கால்சியம், பொட்டாசியம் எல்லாம் அடித்துப்போய், இரும்பும் அலுமினியமும் மிஞ்சிய செம்மண். மீதமிருக்கும் பாஸ்பரசையும் இரும்பு பிடித்துவைத்துக்கொள்ளும். காடு அதைச் சமாளிக்கும் விதம்: இலை விழுந்ததும் பூஞ்சையும் கரையானும் மட்கச் செய்ய, மேல் 20, 30 செ.மீ.யில் பரவியிருக்கும் நுண்வேர்கள், வேர்ப்பூஞ்சையின் உதவியோடு, மழை கழுவிப்போகும் முன் சத்தை எடுத்துவிடும். அமேசானுக்கு சகாரா பாலைவனத் தூசியோடு ஆண்டுக்கு ஏறத்தாழ 22,000 டன் பாஸ்பரஸ் காற்றில் போய்ச் சேர்கிறது என்பது 2015-இல் வந்த கணக்கு. கடல் தாண்டி வரும் தூசிகூட அங்கே ஒரு வரவு. காட்டை வெட்டி எரித்தால் ஓரிரு வருடம் விளையும், சாம்பலில் உள்ளது தீர்ந்ததும் நின்றுவிடும்.

இன்னொரு விஷயமும் சொல்லிவிடுகிறேன். காடு அழிந்ததால்தான் நம் மாவட்டத்தில் மழையே குறைந்துவிட்டது. அதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

நாகர்கோவில் வானிலை:
அந்தக் கடைசி வரியை அப்படியே சொல்லாதீர்கள், அண்ணாச்சி மன்னிக்கணும். இடவப்பாதிக்கும் துலாமழைக்கும் ஈரம் கடலிலிருந்து வருகிறது. கரைக்கும் மலைக்கும் நடுவே முப்பது நாற்பது கிலோமீட்டர்தான். இந்தச் சிறிய காடு பருவமழையை உண்டாக்கவோ நிறுத்தவோ முடியாது. மலை இருக்கிறது, காற்று ஏறுகிறது, குளிர்கிறது, பெய்கிறது. அமேசான் கதை வேறு. அங்கே அட்லாண்டிக்கிலிருந்து உள்ளே போகும் ஈரம் மரங்கள் வழியாக மறுபடி மறுபடி ஆவியாகி மழையாகிறது, மொத்த மழையில் கால் பங்கு முதல் பாதிவரை அப்படி என்று மதிப்பிடுகிறார்கள். கண்டம் அளவுக்குக் காடு இருந்தால்தான் அது நடக்கும்.

நம் காடு செய்வது வேறு, அதுவும் சின்ன வேலை இல்லை. பெய்ததை உடனே ஓடவிடாமல் பிடித்து, கோடையில் கோதையாறு, பரளியாறு வழியாக விடுகிறது. பேச்சிப்பாறைக்கும் பெருஞ்சாணிக்கும் அதுதான் ஆதாரம். முகட்டில் மேகம் உரசும்போது இலையில் படியும் நீர் சொட்டுவது மழைமானியில் பதிவாகாத கூடுதல் வரவு. சரிவில் மண் அரிக்காமல் காப்பதால் அணை தூராமல் இருக்கிறது. இதைச் சொன்னால் பிள்ளைகள் நம்பவும் செய்வார்கள், நாளை யாராவது கேட்டால் பதிலும் சொல்வார்கள்.

தடிக்காரன்கோணம்:
அந்த விளக்கம் சரி, ஏற்கிறேன். உள்ளூர் அளவில் கோடை இடிமழைக்குக் காட்டின் ஈரம் கொஞ்சம் உதவலாம் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பேச்சிப்பாறை கீழ்முகம்:
அளக்கும் வழியை நான் சொல்கிறேன். மேலே காப்புக்காடும் சரணாலயமும். வனத்துறை முன் அனுமதி இல்லாமல் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு உள்ளே போகக் கூடாது. அதற்குப் பதில் கல்குளம், விளவங்கோடு பக்கம் இருக்கும் பழைய காவு ஒன்றை, அதாவது கோயிலோடு விட்டுவைத்த சிறு காட்டை, பாருங்கள். குடும்பத்தாரிடமோ கோயில் பொறுப்பாளரிடமோ கேட்டுவிட்டு, அவர்கள் முறைப்படி போங்கள். சின்னக் காவு முழு மழைக்காடு இல்லை, ஓரத்திலிருந்து வெயில் உள்ளே வரும். ஆனால் அடுக்கும் கொடியும் சருகும் இருக்கும். அதே அளவில் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றையும் அளந்தால் ஒப்பீடு கையில் வந்துவிடும்.

மழைக்காட்டுக் குறுக்குப் படம் என்பதற்குப் பழைய மரபு ஒன்று உண்டு: ஏறத்தாழ 60 மீட்டர் நீளம், 7.5 மீட்டர் அகலப் பட்டை. காவில் 30 மீட்டர் கிடைத்தாலும் போதும், அகலத்தை மாற்றாதீர்கள். அகலம் கூடினால் படத்தில் மரம் ஒன்றையொன்று மறைத்து அடுக்கே தெரியாது, குறைத்தால் வெற்றிடம்தான் தெரியும். நடுவில் கயிறு கட்டி, மீட்டர் குறியிட்டு, சுற்றளவு 31 செ.மீ.க்கு மேலுள்ள எல்லா மரத்துக்கும் ஐந்து அளவு எடுங்கள்: கயிற்றில் எந்த மீட்டரில் நிற்கிறது, சுற்றளவு, முதல் கிளை உயரம், மொத்த உயரம், தலையின் அகலம். சுற்றளவைத் தரையிலிருந்து 1.3 மீட்டரில் எடுக்க வேண்டும். சரிவு என்றால் மேட்டுப் பக்கத்திலிருந்து 1.3 மீட்டர். பலகைவேர் (அடிமரத்தில் பலகைபோல் விரியும் வேர்) இருந்தால் அது முடியும் இடத்துக்கு 50 செ.மீ. மேலே. பலகைவேரைச் சுற்றி நாடா போட்டால் மரம் இரண்டு மூன்று மடங்கு பெருத்துக் காட்டும், பிள்ளைகள் வழக்கமாகத் தவறும் இடம் இது.

உயரத்துக்கு கோணமானி, நூல், ஒரு நட்டு போதும். மரத்திலிருந்து 20 மீட்டர் தள்ளி நின்று உச்சியைப் பார்க்கையில் கோணம் 50 பாகை என்றால், டேன் 50 = 1.19, அதை 20-ஆல் பெருக்க 23.8, கண் உயரம் 1.5 சேர்த்தால் 25.3 மீட்டர். மிக அருகே நின்று அளந்தால் பக்கத்துக் கிளையின் நுனியை உச்சி என்று எடுத்துவிடுவோம், உயரம் கூடிப்போகும். கோணம் 60-க்கு மேல் வந்தால் பின்னால் போங்கள். சரிவில் நின்றால் அடிமரத்துக்கான கோணத்தையும் தனியே எடுத்துக் கூட்டவோ கழிக்கவோ வேண்டும். வரைபடத்தாளில் 1 செ.மீ.க்கு 3 மீட்டர் என்று வைத்தால் 60 மீட்டர் 20 செ.மீ.யில் அடங்கும்.

நாகர்கோவில் வானிலை:
கூடவே ஒளியும் மழையும் அளந்துவிடுங்கள். கைபேசி ஒளிமானிச் செயலி துல்லியமில்லை, ஆனால் விகிதம் கிடைக்கும். ஒரே கைபேசி, சீரான மேகமூட்டமுள்ள நாள், வெளியில் ஒரு அளவு, உடனே உள்ளே இருபது இடத்தில். வெயில் நாளில் எடுத்தால் இலையிடுக்கில் விழும் வெயில்பொட்டு ஒன்றே சராசரியைக் கெடுத்துவிடும். அந்த வெயில்பொட்டு தரைச்செடிகளுக்குப் பெரிய உணவு என்பதையும் சொல்லுங்கள்.

மழைக்கு 20 செ.மீ. வாய் விட்டமுள்ள புனல், கீழே ஒரு கேன். புனல் பரப்பு 314 சதுர செ.மீ., அதனால் 31.4 மி.லி. சேர்ந்தால் 1 மி.மீ. மழை. திறந்தவெளியில் ஒன்று, அதிலிருந்து எந்த மரமும் தன் உயரத்தின் இரு மடங்காவது தள்ளி இருக்க வேண்டும். மரத்தடியில் ஒன்று மட்டும் வைத்து ஏமாறாதீர்கள், சொட்டும் இடத்தில் அதிகமும் மறைந்த இடத்தில் குறைவும் காட்டும். குறைந்தது பத்து புனல். சாரலில் 1, 2 மி.மீ. பெய்தால் தரைக்கு ஏறத்தாழ ஒன்றும் வராது, இலையே குடித்துவிடும். பெருமழையில் முக்கால் பங்குக்கு மேல் தரைக்கு வரும்.

அருமனை நாற்றங்கால்:
காவோரம் கன்று நடும் யோசனை டீச்சருக்கு இருந்தால் ஒரு வார்த்தை. வெள்ளைக் குங்கிலியம், தம்பகம் விதைகளை வெயிலில் காயவைத்து அடுத்த வருடத்துக்கு எடுத்துவைக்க முடியாது. ஈரம் குறைந்தால் செத்துப்போகும் வகை. விழுந்ததும் பொறுக்கி, பூச்சி துளைத்ததை ஒதுக்கி, அந்த வாரமே மண்ணில் போட வேண்டும். கன்றுக்கு பச்சை நிழல்வலை அவசியம், பாதிக்கு மேல் நிழல் இருந்தால் நல்லது. ரப்பர் வெட்டிய மொட்டை நிலத்தில் நேராக நட்டால் முதல் மாசி வெயிலிலேயே இலை கருகும். முதலில் வட்டக்கண்ணி போன்றவற்றை வரவிட்டு, அவை தலைக்கு மேல் நிழல் கொடுத்தபின், இடவப்பாதி தொடங்கியதும் இடையில் நடுங்கள். முதல் இரண்டு கோடைக்கு அடியில் சருகு மூடாக்கு தடித்திருக்கட்டும், தண்டைத் தொட வேண்டாம், தொட்டால் அழுகும்.

குலசேகரம் டீச்சர்:
காவு ஒன்றுக்கு அனுமதி கேட்டிருக்கிறேன். மேல் கோதையாற்றின் உச்சிப் பகுதி பற்றி ஒரு சின்னச் சந்தேகம்: அங்கே மரம் குட்டையாக இருக்கிறதே, அதுவும் மழைக்காடுதானா?

நாஞ்சில் தாவரவியல்:
ஏறத்தாழ 1,400 மீட்டருக்கு மேல் மலைச்சோலை தொடங்குகிறது. ஆயிரம் மீட்டருக்கு ஆறு ஆறரை பாகை குளிர்வதால் இனங்கள் மாறும், இலை சிறுத்துத் தடிக்கும், மரத்தில் பாசி கூடும். அதற்குக் கீழேயும் காற்று நேராக அறையும் முகட்டில் அதே வெடிப்பலாக் காடு 10, 15 மீட்டரிலேயே நின்றுவிடும். அது காற்று வெட்டிய மழைக்காடு, வேறு காடு இல்லை. உயரத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல் இனங்களைப் பாருங்கள். பழைய வனத்துறை வகைப்பாட்டில் ‘தெற்கத்திய மலையுச்சி வெப்பமண்டலப் பசுமைமாறாக் காடு’ என்று இதற்குத் தனிப்பெயரே உண்டு, 1ஏ/சி3. சாம்பியனும் சேத்தும் 1968-இல் வெளியிட்ட பட்டியலில் அதற்கு அடுத்த எண், 1ஏ/சி4, மேற்குக் கரையோரப் பசுமைமாறாக் காடு. கீரிப்பாறைச் சரிவை அதில் தேடுங்கள்.

பேச்சிப்பாறை கீழ்முகம்:
காவுக்குப் போகும் நாளை மழை தொடங்கும் முன் வையுங்கள் டீச்சர். இடவப்பாதி வந்தபின் அட்டை தொல்லை, நாடாவும் தாளும் நனையும், உச்சியும் மூடுபனியில் தெரியாது. புனல்களை மட்டும் அதே இடத்தில் எண் எழுதி விட்டுவைத்து, ஜூன் முதல் தினமும் காலை எட்டரை மணிக்கு ஒரே ஆள் அளக்கட்டும். வானிலைத் துறையும் அந்த நேரத்துக்குத்தான் மழைக்கணக்கு எடுக்கிறது, அதனால் அவர்கள் எண்ணோடு நேராக ஒப்பிடலாம்.